முக்கால் பங்கு

ஆயுத பூசையன்று பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்ததும்
மைக்கைப் பிடித்தார் எம்.டி.
"எறும்பப் பாருங்க சாமிகளா.
தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்காது.
கூட்டத்துக்காக உசுரையே குடுத்துரும்.
நம்ம கம்பெனியும் ஒரு கூடுதானுங்க."
கை தட்டினோம்.
லட்டு இரண்டாவது சுற்று வந்தது.

வேலம்பாளையத்தில் எங்கள் செக்கிங் மேசைக்கு நேரே
ஜன்னலில் ஒரு புங்கமரம்.
அதில் பதினோரு கூடு முசுறு.
எண்ணியிருக்கிறேன். எண்ணுவதுதான் என் வேலை.
கோபியில் மூன்று வருடம் விலங்கியல் படித்ததில்
மிஞ்சியது இந்த ஜன்னல்.

ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்வி
இலையை இழுத்துப் பிடிக்கும் சங்கிலி.
பிறகு ஒருத்தி குஞ்சைத் தூக்கி வருவாள்.
இந்த விளிம்பில் ஒரு தொடல்,
அந்த விளிம்பில் ஒரு தொடல்.
குஞ்சின் வாயிலிருந்து நூல் வரும்.
தன்னைச் சுற்றிக்கொண்டு உறங்க வேண்டிய நூல்.
அத்தனையும் இலைக்குப் போய்விட
வெற்றுடம்பாகவே அது வளர்ந்து முடிக்கும்.
இந்த இடத்தில் எங்கள் ஓவர்லாக் மிஷினை
நான் ஒப்பிட மாட்டேன்.
அது எம்.டி. செய்கிற வேலை.

மின்கம்பி உரசும் கிளையில் ஒரு சின்னக் கூடு.
அங்கே இருப்பதெல்லாம் கிழவிகள்.
அடுத்த மரத்துக் கூட்டம் வந்தால் முதலில் சாவது அவர்கள்.
எப்படியும் உதிரப் போகிற உடம்பை
வாசலில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.
அனுப்பியது யாரென்று தேடினேன்.
யாருமில்லை.
ராணி என்று பேர்தான்,
முட்டையிடுவாள், உத்தரவு போடமாட்டாள்.
உங்க நாற்காலி அந்தக் கூட்டில இல்லீங்க
என்று ஒரு நாள் சொல்ல வேண்டும்.
சொல்ல மாட்டேன்.

ஏன் சாகிறார்கள் என்பதற்கு
வகுப்பில் ஒரு கணக்குப் போட்டார்கள்.
அப்பனிடம் இருப்பது ஒற்றைச் சரடு.
அதை எல்லா மகளுக்கும் முழுசாய்க் கொடுத்துவிடுகிறான்.
ஆத்தாளிடமிருந்து வருவதில் பாதி ஒத்துப்போகும்.
ஆக, பெற்றால் மகள் தனக்குப் பாதி.
காப்பாற்றினால் தங்கை முக்கால்.
செத்தாலும் லாபம்.
அன்று வீட்டுக்குப் போய்
கோமளவல்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்னக்கா?" என்றாள்.
எங்களுக்குள் பாதிதான்.
அவள் ஃபீஸுக்காகத்தான் பனியன் கம்பெனிக்கு வந்தேன்,
அது வேறு.

ஆனால் கரையான் இருக்கிறதே.
அதற்கு அப்பனும் ஆத்தாளும் சமபங்கு, முக்கால் எங்கே?
புற்று உடைந்தால் அதுவும் வெளியே வந்து நிற்கிறது.
முதுகுக்குப் பின்னால் ஓட்டையை அடைக்கிறார்கள்,
உள்ளே திரும்ப முடியாதபடி.
வாத்தியாரைக் கேட்டிருக்கலாம்.
தின்னும் மரமே வீடாய் இருந்தவர்கள்,
போக்கிடம் இல்லாதவர்கள்,
வீட்டைக் காத்துப் பழகிவிட்டார்களோ
என்று நோட்டின் ஓரத்தில் நானாக எழுதிவைத்தேன்.

போன மாதம் ஏழாம் லைனில்
ரஷ்மிதாவின் நகத்தில் ஊசி இறங்கியது.
எழுந்து போனால் டார்கெட் விழும்,
இருபத்திரண்டு பேருக்கும் இன்செண்டிவ் போய்விடும்.
கட்டிங் வேஸ்ட்டை விரலில் சுற்றிக்கொண்டு
எட்டு மணி வரை தைத்தாள்.
ஒடிசாவில் எந்த ஊரென்று கூட எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்த தமிழ்
சீக்கிரம், போதும், சாப்டாச்சா.
அவளுக்கும் எனக்கும் எத்தனை பங்கு?
எந்த வாத்தியாரும் இதற்குக் கணக்குப் போடவில்லை.
அந்த இருபத்திரண்டில் நானும் ஒருத்தி.
நூற்று எண்பது ரூபாய் கூட வந்தது.
வாங்கிக்கொண்டேன்.

நேற்று மின்வாரியத்து ஆட்கள் வந்து
கம்பியில் உரசிய கிளையை வெட்டினார்கள்.
கிழவிகளின் கிளை.
"என்ற சாமி, என்னமாக் கடிக்குது" என்று
கழுத்தை உதறியபடி ஏணியில் இறங்கினார் ஒருவர்.
ஜன்னல் வழியாகக் கொஞ்சம் உள்ளேயும் விழுந்தன.

இன்று காலை மூன்றாவது கட்டில்
ஒரு பீஸின் இடக்கை மடிப்பில்
தலை மட்டும்.
உடம்பு எங்கோ போயிருந்தது.
தாடை தையலைக் கவ்வியபடி இருந்தது.
நூல்வெட்டும் கத்திரி முனையால் நெம்பிப் பார்த்தேன்.
விடவில்லை.

படிவத்தில் இருப்பவை
ஓட்டை, கறை, எண்ணெய், அறுந்த தையல்.
தையல் அறுந்திருக்கவில்லை.
சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.
பீஸைத் தனியே மடித்து வைத்துவிட்டு
அடுத்ததை விரித்தேன்.